சாட்சியாக வந்த பெருவிரல்

1877ஆம் ஆண்டு, வங்காளத்தின் ஹூக்ளி மாவட்டத்தில் மாஜிஸ்திரேட்டாகவும் கலெக்டராகவும் இருந்த வில்லியம் ஹெர்ஷலுக்கு மூன்று தலைவலிகள் இருந்தன. அரசிடம் ஓய்வூதியம் வாங்கியவர்களில் சிலருக்குச் சாவே வருவதில்லை. இறந்தவரின் பெயரில் வேறு யாரோ வந்து பணத்தை வாங்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். பத்திரப்பதிவு அலுவலகத்தில் நிலத்தை எழுதிக் கொடுத்தவர், பிறகு ‘அது என் கையெழுத்தே இல்லை’ என்று வழக்குக்கு வந்தார். சிறையிலோ, தண்டனை பெற்றவனுக்குப் பதிலாகக் கூலி பேசிக்கொண்டு இன்னொருவன் போய் உட்கார்ந்துகொள்ள வழி இருந்தது. மூன்றுக்கும் அடியில் இருந்தது ஒரே குற்றம்: ஆள்மாறாட்டம். இன்று இதை அடையாளத் திருட்டு என்று சொல்லி, இணையத்தோடு பிறந்த புது நோயைப் போலப் பேசுகிறோம். நோய் பழையது. அதற்கு ஹெர்ஷல் கண்ட மருந்தையே, அதாவது விரல் ரேகையையே, இன்றும் நம்பிக்கொண்டிருக்கிறோம். ஆனால் அவர் அதை எந்த முறையில் பயன்படுத்தினாரோ அந்த முறையை வழியில் எங்கோ தவறவிட்டோம். ரேகை ஒரு சாட்சியாகத்தான் நடைமுறைக்கு வந்தது. பிற்காலத்தில் அதைச் சாவியாக மாற்றினோம். காவலாக இருந்த ஒன்று திருடனுக்கே உதவுவதாக ஆனது இந்த மாற்றத்தால்தான் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

கதை ஹூக்ளிக்கு முன்பே தொடங்குகிறது. 1858 ஜூலையில் முர்ஷிதாபாத் பக்கம் ஜங்கிபூரில் இளம் அதிகாரியாக இருந்த ஹெர்ஷல், சாலை போடச் சரளை வழங்குவதற்காக ராஜ்யதர் கோனாய் என்பவரோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார். ஒப்பந்தத் தாளின் பின்புறம், அலுவலக முத்திரைக்கு வைத்திருந்த மையைக் கோனாயின் உள்ளங்கையில் தடவிப் பதிய வைத்தார். அப்போது ரேகையைப் பற்றிய அறிவியல் எதுவும் அவருக்குத் தெரியாது. பின்னால் பேச்சு மாறாதிருக்க ஒரு பயம் வேண்டும் என்பதுதான் நோக்கம் என்று அவரே பிற்காலத்தில் எழுதினார். விரலில் மை தொட்டு வைப்பதும் அந்த ஊருக்குப் புதிதல்ல. எழுதத் தெரியாதவர்கள் விரல் நுனியில் மை தொட்டுப் பத்திரத்தில் புள்ளி வைப்பது வங்காளத்தில் ஏற்கெனவே இருந்த வழக்கம். அந்தப் புள்ளியில் கோடுகள் தெளிவாக விழுந்திருக்கின்றனவா என்று யாரும் கவலைப்படவில்லை. கவலைப்படத் தேவையும் இருக்கவில்லை, ஏனென்றால் பத்திரத்தைக் காத்து நின்றது சுற்றிலும் இருந்த ஆட்கள். தமிழ்நாட்டுக் கல்வெட்டுகளிலும் இதே ஏற்பாட்டைப் பார்க்கலாம். நிலத்தை விற்றவரின் எழுத்துக்குக் கீழே ‘இப்படி அறிவேன்’ என்று ஊரார் வரிசையாகச் சாட்சி சொல்லியிருப்பார்கள். எழுதத் தெரியாதவருக்காக இன்னொருவர் எழுதி, அப்படி எழுதியதையும் பதிந்து வைப்பார். குறி எவ்வளவு எளியதாக இருந்தாலும் அதைத் தாங்கிப் பிடிக்க அறிந்த முகங்கள் இருந்தன.

ஹெர்ஷல் எதிர்கொண்டது அந்த முகங்கள் இல்லாத நிர்வாகத்தை. ஊரையும் மொழியையும் வெளியிலிருந்து வந்து கற்ற அதிகாரி, சில ஆண்டுகளில் மாற்றலாகிப் போகிறவர், யார் யாருடைய மகன் என்று எப்படி அறிவார்? 1860 வாக்கில் அவுரிச் சாகுபடிக் கலவரம் நடந்த நதியா மாவட்டத்தில் பணியாற்றியபோது, போலிக் குத்தகைப் பத்திரங்கள் குவிந்து கிடப்பதை அவர் பார்த்தார். ஊரின் நினைவுக்குப் பதிலாக உடம்பையே சாட்சியாக்கலாம் என்ற எண்ணம் அவருக்குள் மெல்ல முதிர்ந்தது. ஹூக்ளியில் அதை முறையாக்கினார். ஓய்வூதியம் வாங்குகிறவர் ரேகை வைத்தார், பத்திரம் பதிகிறவர் பதிவேட்டில் ரேகை வைத்தார், சிறைக்குப் போகிறவனின் வாரண்டிலும் ரேகை ஏறியது. இந்த முறையில் மூன்று அங்கங்கள் இருந்ததைக் கவனிக்க வேண்டும். ரேகை வைப்பவர் நேரில் வந்தாக வேண்டும். ஓர் அலுவலரின் கண் முன்னால் வைக்க வேண்டும். தகராறு வந்தால் ஒப்பிட்டுப் பார்க்கப் பதிவேடு ஒன்று பத்திரமாக இருக்க வேண்டும். ரேகை எந்தக் கதவையும் திறக்கவில்லை. நடந்த ஒரு காரியத்துக்கு அடையாளமாகக் கிடந்து, யாராவது மறுத்தால் மட்டும் எழுந்து பேசியது.

1877 ஆகஸ்ட் 15 அன்று, இந்த முறையை மாகாணம் முழுவதற்கும் பரப்பலாம் என்று ஹெர்ஷல் மேலதிகாரிகளுக்குக் கடிதம் எழுதினார். அது ஏற்கப்படவில்லை. மூன்றாண்டுகள் கழித்து, டோக்கியோவில் மருத்துவராக இருந்த ஹென்றி ஃபால்ட்ஸ், குற்றவாளிகளைக் கண்டுபிடிக்க ரேகை உதவும் என்று ‘நேச்சர்’ இதழில் எழுதினார். அடுத்த மாதமே அதே இதழில் தன் வங்காள அனுபவத்தை ஹெர்ஷல் எழுதினார். பிறகு பிரான்சிஸ் கால்டன் என்ற அறிவியலாளர், ஹெர்ஷல் சேர்த்து வைத்திருந்த ரேகைகளைக் கொண்டு, மனிதனின் ரேகை வயதானாலும் மாறுவதில்லை என்று 1892இல் வெளிவந்த தன் நூலில் நிறுவினார். ரேகை மாறாது என்பது அன்று அதன் பெருமையாக எண்ணப்பட்டது. சாட்சிக்கு அது பெருமைதான். நாற்பது ஆண்டுகள் கழித்தும் ஒரே சொல்லைச் சொல்கிறவரைவிட நல்ல சாட்சி யார்? அந்தப் பெருமையே ஒருநாள் பலவீனமாகும் என்று எண்ணிப் பார்க்க அப்போது காரணம் எதுவும் இல்லை.

அடுத்த திருப்பம் கல்கத்தாவில் நிகழ்ந்தது. வங்காளக் காவல்துறைத் தலைவராக இருந்த எட்வர்ட் ஹென்றியிடம் அஜிசுல் ஹக், ஹேமச்சந்திர போஸ் என்னும் இரு இந்திய அலுவலர்கள் பணியாற்றினார்கள். பத்து விரல்களின் ரேகைகளையும் வகைப்படுத்தி 1,024 அறைகளில் அடுக்கும் முறை உருவானதில் இவர்களுடைய கணிதமும் உழைப்பும் பெரிது. முறைக்குப் பெயர் மட்டும் ஹென்றியுடையதாயிற்று. 1897இல் கல்கத்தாவில் ரேகைக் கூடம் திறந்தது. அதுவரை ரேகையிடம் கேட்கப்பட்ட கேள்வி ‘இவர் தான் சொல்லும் ஆள்தானா?’ என்பது. இப்போது ‘இவன் யார்?’ என்று பெயர் சொல்லாதவனைப் பற்றியும் கேட்க முடிந்தது. முந்தைய கேள்விக்கு எதிரே நிற்கிறவரின் ஒத்துழைப்பு வேண்டும். பிந்தையதற்கு அது தேவையில்லை. இருந்தும் அன்றைய நீதிமன்றம் ரேகையின் எல்லையை மறக்கவில்லை. ஜல்பைகுரியில் தேயிலைத் தோட்ட மேலாளர் ஒருவர் கொலையுண்ட வழக்கில், இரத்தக் கறை படிந்த பெருவிரல் ரேகை ஒன்று வங்காளப் பஞ்சாங்கத்தின் மேல் கிடைத்தது. அது அவரிடம் முன்பு வேலை பார்த்த காங்காலி சரண் என்பவருடையது என்று கூடம் கண்டுபிடித்தது. 1898இல் வந்த தீர்ப்பு அவரைத் திருட்டுக்கு மட்டும் தண்டித்தது, கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. அங்கே அவருடைய கை பட்டது என்பதைத்தான் ரேகை சொல்லும், அந்தக் கை வேறென்ன செய்தது என்பதைச் சொல்லாது என்ற நிதானம் அதில் இருக்கிறது. 1899இல் இந்தியச் சாட்சியச் சட்டம் திருத்தப்பட்டு ரேகை நிபுணரின் கருத்துக்கு நீதிமன்றத்தில் இடம் கிடைத்தபோதும், அது மற்றச் சாட்சியங்களோடு வைத்து எடைபோட வேண்டிய ஒன்றாகவே நின்றது.

ஆள்மாறாட்டத்தைத் தடுக்க வந்த கருவி யாரைக் காக்கிறது என்ற கேள்வியைக் கடுமையாக எழுப்பியது தென்னாப்பிரிக்கா. டிரான்ஸ்வாலில் குடியேறிய இந்தியர்கள் போலி அனுமதிச் சீட்டுகளோடும் அடுத்தவர் சீட்டுகளோடும் நுழைகிறார்கள் என்று குற்றம் சாட்டி, ஆசியர்கள் அனைவரும் ரேகை வைத்துப் பதிந்துகொள்ள வேண்டும் என்று 1907இல் சட்டம் வந்தது. பத்து விரல் ரேகையைச் சட்டம் குற்றவாளிகளிடம்தான் கேட்கிறது என்பதை ஹென்றியின் நூலைப் படித்துத் தெரிந்துகொண்ட காந்தி, இந்தக் கட்டாயத்தை ஒரு சமூகத்தின் மீது சுமத்தப்பட்ட அவமானமாகக் கண்டார். ஆனால் கட்டாயம் நீங்கும் என்ற உடன்பாட்டின்பேரில், 1908 பிப்ரவரியில் தாமே முன்வந்து பதிந்துகொள்ளக் கிளம்பினார். அன்று அவர் தாக்கப்பட்டார். உடனிருந்த தமிழர் தலைவர் தம்பி நாயுடுவும் அடிபட்டார். வாக்குறுதி காப்பாற்றப்படவில்லை என்றான பிறகு, அதே ஆண்டு ஆகஸ்டில் ஜோகன்னஸ்பர்க் ஹமீதியா மசூதித் திடலில் ஆயிரக்கணக்கான பதிவுச் சான்றுகள் தீக்கிரையாயின. ரேகை வைப்பதில் அவமானம் இல்லை, வைப்பவரைத் திருடனாகக் கருதுவதில்தான் இருக்கிறது என்ற நுட்பமான நிலை அது. அடையாள முறை எதுவும் ‘நீ நீதானா?’ என்று குடிமகனைக் கேட்கத் தயங்குவதில்லை. கேட்கிறவன் யார், கேட்டுப் பெற்றதை என்ன செய்வான் என்று திருப்பிக் கேட்கக் குடிமகனுக்கு வழி இருந்தால்தான் அந்த முறை அவனையும் காக்கும்.

அந்த வழி ஓரளவு இருந்த இடம் என்று சார்பதிவாளர் அலுவலகத்தைச் சொல்லலாம். 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம், எழுதிக் கொடுப்பவர் உண்மையில் அவர்தானா என்று பதிவு அலுவலர் நிறைவடைய வேண்டும் என்கிறது. ஆளைத் தெரிந்தவர்கள் வந்து அடையாளம் காட்டுகிறார்கள். பெருவிரல் ரேகை பதிவாகிறது. ஆள்மாறாட்டம் செய்தால் ஏழாண்டு வரை சிறை. 2001இல் வந்த திருத்தம், சொத்து விற்பனையில் ரேகையோடு புகைப்படமும் ஒட்டச் சொன்னது. இத்தனைக்குப் பிறகும் போலிப் பத்திரங்கள் பதிவாயின என்பது உண்மை. தமிழ்நாட்டு நீதிமன்றங்களில் ஆள்மாறாட்ட வழக்குகளுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. ஆனால் மோசடி நடந்தால் அதை அவிழ்க்கும் நூல்முனை அங்கேயே கிடந்தது. பொய்யாள் தன் சொந்த ரேகையைத்தான் வைத்துவிட்டுப் போக முடிந்தது. உண்மையான உரிமையாளர் வந்து தன் விரலைக் காட்டியதும் இரண்டும் வேறு என்று நிபுணர் சொல்ல முடிந்தது. திருடியவனின் விரலே அவனுக்கு எதிராகப் பேசியது. ஹெர்ஷல் முறையின் வலிமை முழுவதும் இதில் இருக்கிறது.

ஆதார் வந்தபோது இந்த ஏற்பாடு தலைகீழானது. 2009இல் தனித்துவ அடையாள ஆணையம் அமைந்து, 2010 செப்டம்பரில் முதல் எண் வழங்கப்பட்டது. இன்று 130 கோடிக்கும் மேற்பட்ட எண்கள் வழங்கப்பட்டிருக்கின்றன. 2014இல் தொடங்கிய டிஜிட்டல் வாழ்நாள் சான்று, ஓய்வூதியக்காரர் உயிரோடு இருப்பதை விரலால் நிரூபிக்கச் செய்தது. ஹூக்ளியின் முதல் தலைவலிக்கு நேரான மருந்து இது என்பதில் ஐயமில்லை. ஆனால் ஆதார்வழிப் பணப் பரிமாற்ற முறையில் நடந்தது வேறு. வங்கியின் பெயர், ஆதார் எண், விரல் ரேகை ஆகிய மூன்றும் இருந்தால் கிராமத்து முகவர் ஒருவரின் சிறு கருவியில் பணம் எடுக்கலாம். அட்டை வேண்டாம், ரகசிய எண் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம். வங்கிக் கிளையே இல்லாத ஊர்களுக்கு இது பெரிய வசதி. ஆனால் இங்கே ரேகை நடந்த காரியத்துக்குச் சாட்சி சொல்வதில்லை, காரியத்தையே நடத்துகிறது. எதிரே இருப்பது யாரென்று பார்த்து நிறைவடையும் அலுவலர் இல்லை, இருக்கும் முகவரே திருடனின் கூட்டாளியாக இருக்கக்கூடும். ரகசியமாக வைக்க முடியாத ஒன்றை, ரகசியம் செய்ய வேண்டிய வேலைக்கு அமர்த்தினோம். தேநீர்க் குவளையிலும் கதவின் கைப்பிடியிலும் நாம் நாள்தோறும் விட்டுவிட்டு வருவதுதானே ரேகை?

இதன் விளைவு 2018இல் தெலங்கானாவில் தெரிந்தது. சிம் கார்டு விற்கும் ஒருவர், பத்திரப்பதிவுத் துறையின் இணையதளத்திலிருந்து நிலப் பத்திரங்களை இறக்கி, அவற்றில் இருந்த பெருவிரல் ரேகைகளை ரப்பரில் வார்த்து, ஆதார் எண்களோடு சேர்த்து ஆயிரக்கணக்கான சிம் கார்டுகளை இயக்கிவிட்டார். அடுத்த சில ஆண்டுகளில் வேறு மாநிலங்களில் இதே வழியில் வங்கிக் கணக்குகளிலிருந்து பணம் போனது. 2023இல் கொல்கத்தாவில் இப்படிப் பணம் இழந்தவர்களின் புகார்கள் குவிந்தபோது, ரேகைகள் சொத்துப் பதிவு ஆவணங்களிலிருந்து கசிந்திருக்கலாம் என்ற சந்தேகம் எழுந்தது. ஆதாரின் உடலடையாளத்தைப் பூட்டி வைக்கும்படி காவல்துறை மக்களுக்குச் சொன்னது. ஆள்மாறாட்டத்தைத் தடுக்கப் பத்திரத்தில் ஏறிய பெருவிரல், அந்த வழக்கம் பிறந்த வங்காளத்திலேயே ஆள்மாறாட்டத்துக்கு மூலப்பொருள் ஆனது. பணத்தை இழந்தவர்கள் கவனக்குறைவாக எதையும் செய்யவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அவர்கள் யாரிடமும் ஓடிபி சொல்லவில்லை, எந்த இணைப்பையும் தொடவில்லை. சட்டம் கேட்ட இடத்தில் சட்டம் கேட்டபடி ரேகை வைத்தார்கள். திருட்டு நடந்தால் ‘நீங்கள் எச்சரிக்கையாக இருந்திருக்க வேண்டும்’ என்று சொல்லிவிட்டு நகரும் பழக்கம் இந்த இடத்தில் செல்லாது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. எழுதப் படிக்கத் தெரியாதவருக்குக் கடவுச்சொல்லும் ரகசிய எண்ணும் எப்படிப் பயன்படும்? அதை யாரிடமாவது சொல்லித்தான் பணம் எடுக்க வேண்டும் என்றால், சொல்லக் கேட்டவரே திருடிவிட மாட்டாரா? ரேகையால்தான் நூறுநாள் வேலைக் கூலியும் முதியோர் உதவித்தொகையும் இடைத்தரகர் கையில் சிக்காமல் வந்து சேர்கின்றன என்பார்கள். இதில் உண்மை இருக்கிறது. ஹெர்ஷலின் காலத்திலும் கையெழுத்துப் போடத் தெரியாதவருக்கு ரேகை ஒரு மரியாதையைத் தந்தது, போலிக் கையெழுத்துக்கு எதிராக அவருடைய சொல்லை நிறுத்தியது. ஆனால் ஏழைக்கு ரேகை வேண்டும் என்பதாலேயே ரேகை மட்டும் போதும் என்றாகிவிடாது. இழப்பைத் தாங்கும் சக்தி குறைந்தவருக்குத்தான் இரண்டாவது காவல் அதிகம் தேவை. மேலும், மண்ணிலும் சுண்ணாம்பிலும் உழைத்துத் தேய்ந்த விரல்களும் முதுமையில் மங்கிய விரல்களும் கருவியில் விழுவதில்லை. ரேஷன் கடையில் ‘ரேகை விழவில்லை’ என்று கேட்டுத் திரும்பியவர்களுக்கு இது தெரியும். கண் கருவிழியும் ஓடிபியும் மாற்றுவழிகளாகச் சேர்க்கப்பட்டதே, ஒற்றை விரலை நம்பி ஒருவரின் உரிமையைத் தொங்கவிட முடியாது என்ற ஒப்புதல்தான்.

தொழில்நுட்பம் இந்த ஓட்டையை அடைத்துவிடும் என்பது இன்னொரு மறுப்பு. கருவியில் வைக்கப்பட்டது உயிருள்ள விரலா, வார்த்த ரப்பரா என்று கண்டறியும் முறையை ஆணையம் 2023இல் புகுத்தியது. பாராட்ட வேண்டிய நடவடிக்கைதான். ஆனால் 2002இலேயே ஜப்பானின் யோகோஹாமாவில் மட்சுமோட்டோ என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும், தின்பண்டங்களில் சேர்க்கும் ஜெலட்டினில் விரல் செய்து பலவகை ரேகைக் கருவிகளை ஏமாற்றிக் காட்டியிருந்தார்கள். கருவி ஒரு படி ஏறினால் போலியும் ஒரு படி ஏறும். எல்லாப் பூட்டுக்கும் இந்தப் போட்டி உண்டு என்று விட்டுவிடலாம்தான், தோற்கும்போது மாற்றிக்கொள்ள முடிந்தால். 2015இல் அமெரிக்க அரசின் பணியாளர் அலுவலகத்திலிருந்து 56 லட்சம் பேரின் ரேகைகள் திருடு போயின. அவர்களில் ஒருவர்கூடப் புது விரல் வாங்க முடியாது. கால்டன் நிறுவிய மாறாத் தன்மை, சாட்சிக்குப் பெருமையாக இருந்தது, சாவிக்குத் தீராத ஊனமாகிறது.

கோடிக்கணக்கானவர்களை ஹூக்ளி அலுவலகம் மாதிரி ஒவ்வொருவராக உட்கார்ந்து பார்க்க முடியுமா என்று கேட்கலாம். முடியாது. ஆனால் ஹெர்ஷலின் முறையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அலுவலரின் மேசையை அல்ல. நடந்ததைப் பின்னர் மறுக்கவும், மறுத்தால் ஒப்பிட்டுப் பார்க்கவும் இருந்த வாய்ப்பைத்தான். அது பெரிய எண்ணிக்கைக்கும் பொருந்தும் என்பதற்கு முன்மாதிரி நம்மிடமே உண்டு. ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் விட்ட சுற்றறிக்கை, வங்கியின் தவறும் வாடிக்கையாளரின் தவறும் இல்லாமல் வெளியாள் ஒருவரால் பணம் போனால், தகவல் வந்த மூன்று வேலை நாட்களுக்குள் புகார் செய்தவருக்கு இழப்பு இல்லை என்றது. வாடிக்கையாளர்தான் பொறுப்பு என்றால் அதை நிரூபிக்கும் சுமை வங்கியுடையது என்றும் சொன்னது. ‘உன் ரேகை விழுந்திருக்கிறது, ஆகவே நீதான்’ என்ற வாதம் அங்கே தானாக வென்றுவிடாது. ஜல்பைகுரி தீர்ப்பில் இருந்த நிதானம் விதியாக மாறிய இடம் இது.

இந்த வரலாற்றிலிருந்து நடைமுறைக்கு எடுத்துக்கொள்ள வேண்டியதும் தெளிவாகவே கிடைக்கிறது. சாவியாக்கப்பட்ட ரேகையை மீண்டும் நம் கைக்குள் கொண்டுவருவதே முதல் காரியம். ஆதார் இணையதளத்திலோ செயலியிலோ உடலடையாளத்தைப் பூட்டி வைத்து, தேவைப்படும் நேரத்தில் மட்டும் திறக்கலாம். நகல் கேட்கிறவருக்குக் கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் ஆதாரைக் கொடுத்தால் பெரும்பாலும் போதும், எண்ணுக்குப் பதிலாக 16 இலக்க மெய்நிகர் எண்ணைத் தரவும் வழி உண்டு. வங்கியில் செல்பேசி எண்ணைப் புதுப்பித்து வைத்து, வரும் குறுஞ்செய்திகளைப் படிக்க வேண்டும், ஏனென்றால் மூன்று நாள் கணக்கு அங்கிருந்துதான் தொடங்குகிறது. பணம் போனால் வங்கிக்கும் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணுக்கும் உடனே சொல்ல வேண்டும். நிலம் வைத்திருப்பவர்கள் அவ்வப்போது வில்லங்க விவரத்தைப் பார்ப்பது நல்லது, தமிழ்நாட்டில் பதிவுத்துறை இணையதளத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம். ஆனால் இவை அனைத்தும் குடிமகன் செய்யக்கூடியவை மட்டுமே. பூட்டுவது அவரவர் பொறுப்பாக இல்லாமல், பூட்டியிருப்பதே இயல்பு நிலையாகவும் திறப்பது அவரவர் விருப்பமாகவும் இருக்க வேண்டும். பத்திரங்களில் ரேகையும் ஆதார் எண்ணும் பொதுப் பார்வைக்கு மறைக்கப்பட வேண்டும். பணம் நகரும் இடத்தில் ரேகையோடு இன்னொரு காவலும் சேர வேண்டும். இவற்றைச் செய்ய வேண்டியவை அரசும் வங்கிகளும்தான். ரேகையை விட்டுவிட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. மறுக்கும் உரிமையையும் ஒப்பிட்டுப் பார்க்கும் பதிவேட்டையும் அதனோடு சேர்த்தே வைத்திருந்தவரை ரேகை ஏழையையும் காத்தது. அந்த இரண்டையும் கழற்றிவிட்டு விரலை மட்டும் வைத்துக்கொண்ட பிறகு நடந்த திருட்டுக்கு, விரலுக்குச் சொந்தக்காரரைப் பொறுப்பாக்குவது நியாயமாகாது.